ஷீட் என்றால் கயிறு

ஆரணியில் ஷீட் என்றால் மூன்று வகைதான். கூரைக்குப் போடுவது தகர ஷீட். கட்டிலுக்கு விரிப்பது பெட் ஷீட். மழை வந்தால் நெல் மூட்டைமேல் இழுத்துப் போர்த்துவது பிளாஸ்டிக் ஷீட். அதனால், தறிக்காரர் சுப்பராயலுவின் ஒரே மகன் பார்த்திபன் சென்னையில் பாய்மரப் படகு ஓட்டப் போய், ‘மெயின் ஷீட்’ போனதால் கடலில் செத்தான் என்று சேதி வந்தபோது, தெரு மொத்தமும் அதைத் துணி என்றே எடுத்துக்கொண்டது. தெருவைச் சொல்லிக் குற்றமில்லை. கடலுக்கும் ஆரணிக்கும் என்ன சம்பந்தம்? ஏரி நிரம்பினாலே கரையில் கூட்டமாக நின்று வேடிக்கை பார்க்கிற ஊர் இது.

சுப்பராயலுவுக்கு அது கிழிந்த பாய். நூல் நைந்துபோன பழைய பாய். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். “நைஞ்ச பாயக் கட்டி எம்புள்ளைய அனுப்பிட்டானுங்கப்பா. தறிக்காரன் புள்ள துணி கிழிஞ்சா சாவணும்?” எதிர்வீட்டுக் கன்னியம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே, “பாயா? கோரப்பாயவா கட்டிகினு போறாங்க கடல்ல?” என்று கேட்டாள். வேறு சமயமாக இருந்தால் தெருவே சிரித்திருக்கும்.

அவர் மனைவி பூங்காவனம் மட்டும் ஒன்றும் பேசவில்லை. பெற்றவள் வாயடைத்துப் போய்விட்டாள் என்று ஊர் நினைத்தது. அவள் வாயை அடைத்தது துக்கம் மட்டுமில்லை. ஷீட் என்றால் துணி இல்லை, கயிறு. அது அந்தத் தெருவில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் படகு கிளப்காரர் ஒருவர் பாதி இங்கிலீஷிலும் பாதி தமிழிலும் விளக்கிக்கொண்டிருந்தபோது, சுப்பராயலு காதில் ஷீட் மட்டும் விழுந்தது. அவள் காதில் முழுசும் விழுந்தது. ஷீட்டின் முனையில் முடிச்சு இல்லையாம். முடிச்சு இல்லாததால் கயிறு உருவிக்கொண்டு போய்விட்டதாம்.

ஆடி மாதத்தில் அந்தக் கயிறுகளின் முடிச்சை அவிழ்த்தது அவள் கைதான். எம்புள்ளைய நானே கொன்னுட்டனா? அடுப்பு மூட்டும்போதும் அதே கேள்வி, கண்ணை மூடினாலும் அதே கேள்வி. கேட்டுத் தெளிந்துகொள்ள ஆள் இல்லை. கேட்கத் துணிச்சலும் இல்லை.

ஆடிக் கிருத்திகைக்கு வந்தபோது பார்த்திபன் ஒரு கோணிப்பை நிறையக் கயிறு கொண்டுவந்திருந்தான். கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் சேர்ந்து, அங்கிருந்து படகு கிளப்பில் ஒட்டிக்கொண்டு, படிப்பை விடப் படகே கதி என்று கிடந்தவன். “எல்லாம் உப்பேறி வெறகு மாதிரி ஆயிடுச்சும்மா. பட்ட அலசற மாதிரி நம்ம கெணத்துத் தண்ணியில அலசிக் குடு” என்றான். பட்டு நூல் அலசுகிற பெரிய அண்டாவில் கயிறுகளை ஊறப்போட்டுவிட்டு, தாயும் பிள்ளையும் கிணற்றடியில் உட்கார்ந்தார்கள்.

“படகுல கயிறுன்னு ஒரு சாமானே கெடையாதும்மா. கயிறுன்னு சொன்னா சிரிப்பானுங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு. பாய மேல ஏத்தறது ஹால்யார்டு. ஏறின பாய இஸ்துப் புடிக்கறது ஷீட்டு.”

“சீட்டா? யாரு புடிக்கிற சீட்டு? ஏமாத்திகினு ஓடிடப் போறான்.”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் விளக்குமாற்றுக் குச்சியால் ஈரமண்ணில் படகு வரைந்தான். நட்டுக்குத்தலாக நிற்பது பாய்மரம். அதன் காலடியில் படுத்தவாக்கில் ஒரு கட்டை, பாயின் அடிப்பக்கத்தை அதில் பூட்டியிருப்பார்கள், பேர் பூம். ஷீட் அந்தக் கட்டையிலிருந்து கப்பிகள் வழியாக வந்து ஓட்டுகிறவன் கையில் இருக்கும். இழுத்தால் பாய் உள்ளே வரும், விட்டால் வெளியே போகும். பின்னால் தண்ணீரில் இறங்கியிருப்பது சுக்கான், அதைத் திருப்புகிற கைப்பிடி டில்லர். நடுவயிற்றில் ஒரு பலகை கீழே இறங்கும், அது இல்லாவிட்டால் காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்விடும். இடப்பக்கம் போர்ட், வலப்பக்கம் ஸ்டார்போர்ட்.

“ஏன், பீச்சாங்கை சோத்தாங்கைன்னு சொன்னா படகு போவமாட்டேங்குதா?” என்றாள் பூங்காவனம்.

“போவும். ஆனா மெடல் குடுக்கமாட்டாங்க.”

“அந்தப் பூமு இன்னா பண்ணும்?”

“காத்து திரும்பிச்சின்னா இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கத்துக்கு வீசும். குனியலேன்னா தலையில ஒண்ணு வெக்கும். அப்பறம் பூம்பூம்மாடு மாதிரி தலைய ஆட்டிகினேதான் வூட்டுக்கு வரணும்.” தலையை ஆட்டியும் காட்டினான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அந்த ஆட்டத்தைப் பார்த்து அவளுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது.

அவன் சிநேகிதர்களோடு கோயிலுக்குப் போன பிறகு அவள் கயிறுகளை அலசி எடுத்தாள். அலசும்போதுதான் முனைகளில் முடிச்சு முடிச்சாக இருப்பது விரலில் தட்டியது. தறி வீட்டில் முடிச்சு என்றால் சனியன். இழையில் ஒரு முடிச்சு இருந்தால் தறி அச்சின் பல்லில் மாட்டும், பக்கத்து இழைகளையும் அறுக்கும். அறுந்த இழையைக்கூட சாம்பல் தொட்டு முறுக்கித்தான் ஒட்டுவார்களே தவிர முடிச்சுப் போடமாட்டார்கள். கலியாணமாகி வந்த நாள் முதல் அந்த வேலையே செய்த கை அது. முடிச்சு தட்டினால் மனசைக் கேட்காமல் விரலே அவிழ்த்துவிடும். அன்றும் அவிழ்த்தது. எந்தக் கயிற்றில் எதை அவிழ்த்தோம் என்று அவள் கவனிக்கவில்லை. வெண்டைக்காய் நறுக்குகிறவள் காம்பையா எண்ணிக்கொண்டிருப்பாள்?

மறுநாள் அவன் கயிறுகளை வாரிப் பையில் திணித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஓடினான். “பட்டு மாதிரி ஆக்கிட்டம்மா” என்று தெருமுனையிலிருந்து கத்தினான். ஆவணி பிறந்து சில நாளில் சேதி வந்துவிட்டது.

காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் ஊர் திரும்பி, வீட்டில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சிய பிறகு ஒரு நாள் சுகன்யா வந்தாள். பார்த்திபனோடு ஒரே படகில் போகிற பெண். அவன் படகை ஓட்ட, இவள் முன்பாயைப் பார்த்துக்கொள்வாள். போனில் படம் காட்டியிருக்கிறான். படத்தில் வாயெல்லாம் பல்லாக இருந்தவள், வாசலில் அவன் துணிமணிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று நின்றாள்.

சுப்பராயலு ஜரிகை வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். பூங்காவனம் அவளை உள்ளே கூட்டிவந்து பாயை விரித்து உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். அந்தப் பெண் சொம்பைக் கையில் வாங்கினாளே தவிரக் குடிக்கவில்லை. அதற்குமேல் பொறுக்கப் பூங்காவனத்தால் முடியவில்லை.

“ஏம்மா, நான் ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. ஆடியில அவன் கொணாந்த கயித்துல முடிச்செல்லாம் நான் அவுத்துட்டேன். தெரியாம அவுத்துட்டேன். அதனாலதான் எம்புள்ள போயிட்டானா?”

சுகன்யா சொம்பைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவே இல்லை. புரிந்ததும் பதறிப்போனாள்.

“ஐயோ, இல்லம்மா! அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. முடிச்சோட கயிற கப்பியில கோக்கவே முடியாதும்மா. தண்ணியில எறங்கறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு வாட்டியும், கோத்து முடிச்சிட்டு அப்பறம்தான் முனையில முடிச்சுப் போடணும். எட்டு மாதிரி இருக்கும். நீங்க அவுக்கலேன்னா நாங்களே அவுத்திருப்போம்.”

பூங்காவனத்துக்கு அப்போதுதான் உறைத்தது. நான் இல்லை. என் கை இல்லை. ஒரு மாதமாக மார்மேல் உட்கார்ந்திருந்த அம்மிக்கல்லை யாரோ எடுத்துவிட்ட மாதிரி மூச்சு வந்தது. வந்த மறுகணமே, பிள்ளை செத்துக் கிடக்க இது என்ன நிம்மதி, தூ, என்று தன்மேலேயே அருவருப்பும் வந்தது. அழுதாள். இத்தனை நாளில் அன்றுதான் வாய்விட்டு அழுதாள்.

சுகன்யா அழவில்லை. துப்பட்டா முனையைப் பார்த்தபடியே பேசினாள்.

“அன்னைக்கிக் கோத்தது நான்தாம்மா. அது என் வேல. போன் வந்திச்சின்னு பேசிகிட்டே கோத்தேன். முடிச்சுப் போட மறந்துட்டேன். எல்லாம் ரெடியான்னு பார்த்தி கேட்டான். ரெடின்னு சொன்னேன். நான் சொன்னா அவன் திரும்பிப் பாக்கமாட்டான்மா.”

துறைமுகத்தைத் தாண்டியதும் காற்று ஓங்கி அடித்தது. படகு சாய்ந்தது. சாய்வைக் குறைக்க அவன் ஷீட்டை விட்டுக்கொடுத்தான். முனையில் முடிச்சு இருந்திருந்தால் கப்பியில் முட்டி நின்றிருக்கும். முடிச்சு இல்லை. கயிறு முழுக்க உருவிக்கொண்டு போனது. கட்டுவாரில்லாத பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, கயிற்றைப் பிடிக்க அவன் எழுந்தான். காற்று திரும்பியது. பூம் வீசி வந்து தலையில் அடித்தது. படகு கவிழ்ந்தது. மிதவைச் சட்டை போட்டிருந்தும், நினைவில்லாமல் பாய்க்கு அடியில் சிக்கிக்கொண்டான். இவள் பாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாளாம். தண்ணீரை வாரிக்கொண்டு, தூக்கவே முடியாத கனம் கனத்ததாம்.

“யார்கிட்டயும் சொல்லல. கிளப்ல, முடிச்சு லூசா இருந்திருக்கும்னு எழுதிட்டாங்க. எங்க வீட்டுலயும் தெரியாது. உங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன். நீங்க என்ன பண்ணாலும் சரிம்மா.”

பூங்காவனத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன்! ஒரு போனுக்காகவா? இவள் தலைமயிரைப் பிடித்துத் தெருவில் இழுத்துப்போட்டால் என்ன? கை எழுந்தது. எழுந்த கை, அந்தப் பெண்ணின் துப்பட்டாவைப் பார்த்து நின்றது. முனை நெடுக முடிச்சு. பேசப் பேசப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒவ்வொன்றும் எட்டு மாதிரி. போட்டது போதாமல் விரல்கள் இன்னும் ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தன. இவளுக்கு என்ன வயசிருக்கும்? பார்த்திபன் வயசுதான் இருக்கும். பூங்காவனம் பக்கத்தில் உட்கார்ந்து அந்த முனையைக் கையில் வாங்கினாள். விரல்கள் தானாகவே முதல் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கின.

செருப்புச் சத்தம் கேட்டது. சுப்பராயலு உள்ளே வந்தார். யார் என்று தெரிந்ததும் ஜரிகைப் பொட்டலத்தைத் தறிமேல் போட்டுவிட்டு, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“வாம்மா. நீதான் கூட இருந்தியாமே. நீயாவது சொல்லு. எவன் பாயி அது? எவன் கட்டினான்? சேத்துப்பட்டுல நம்ம வக்கீலு கீறாரு. கேசு போடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். எவன் கை தப்போ, அவன் காலம் முச்சூடும் கோர்ட்டு வாசல்ல நிக்கணும். தலைய வித்தாவது நிக்க வெப்பேன். பேரு மட்டும் சொல்லு.”

சுகன்யா வாயைத் திறந்தாள். அடுத்த வார்த்தை என்ன என்று பூங்காவனத்துக்குத் தெரியும். அதற்கு அப்புறம் நடக்கப்போவதும் தெரியும். இந்த மனுஷன் சொன்னால் செய்வார். இந்தப் பெண் கோர்ட்டு வாசல் வரைக்கும் உயிரோடு வருவாளா என்பதே சந்தேகம். அந்தக் கனத்தை ஒரு மாதம் சுமந்து பார்த்தவள் பூங்காவனம். எனக்குத்தான் பழகிப்போச்சே, நானே வைத்துக்கொள்கிறேன் என்று அந்த நொடியில் தோன்றிவிட்டது.

“நான்தாங்க” என்றாள். “பாயி கிழியல. ஷீட்டுன்னா துணி இல்ல, கயிறு. முனையில முடிச்சு இருந்தாத்தான் நிக்குமாம். ஆடிக்குக் கொணாந்தானே, அலசறப்ப நான் அவுத்துட்டேன்.”

தறி வீட்டு மனுஷனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஏன் அவிழ்த்தாய் என்று அவர் கேட்கவில்லை. முடிச்சைக் கண்டால் கை சும்மா இருக்காது என்று அவருக்குத் தெரியாதா? கோபம் வரும் என்று பூங்காவனம் காத்திருந்தாள். திட்டட்டும், நாலு நாள் பேசாமல் இருக்கட்டும், அப்புறம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தாள். அவரோ தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சுகன்யாவைக் கேட்டார்.

“ஷீட்டுன்றாளே, அது எந்தக் கயிறும்மா? மெல்லிசா, நீலமா இருந்திச்சே, அதுவா?”

“இல்லப்பா, அது வேற. ஷீட் தடியா இருக்கும். வெள்ளையில செவப்புப் புள்ளி” என்றாள் அவள், கேட்ட கேள்விக்குப் பதிலாக.

சுப்பராயலு முகம் சுருங்கிப்போனது. “அத்த அவ அவுக்கல” என்றார். “அந்த முடிச்சு அவ வெரலுக்குத் தப்பிடுச்சு. அவ கொடியில போட்டுட்டு சோறாக்கப் போயிட்டா. நான் தறிய வுட்டு எழுந்து வர்றப்ப பாத்தேன். தடிக் கயிறு, முனையில இம்மாம் பெரிய முடிச்சு. தறிக்காரன் வூட்டுக் கொடியில முடிச்சு தொங்குதேன்னு, பல்லால கடிச்சி அவுத்தேன். நான்தான் அவுத்தேன்.”

பூங்காவனம் தன் தலையில் வைத்துக்கொள்ள எடுத்த பாரம் கை நழுவி இவர் தலையில் போய் விழுந்துவிட்டதே.

“இல்லப்பா!” சுகன்யா அவர் காலடியில் விழுந்தாள். “நீங்களும் இல்ல, அம்மாவும் இல்ல. நான்தான். படகுல கோத்தப்பறம் முடிச்சுப் போடவேண்டியது நான். மறந்துட்டேன். சத்தியமாப்பா, நான்தான் மறந்துட்டேன்.”

அவர் அவளைத் தூக்கி உட்காரவைத்தார். தலையைத் தடவிக்கொடுத்தார். “யாரு பெத்த பொண்ணோ. கெழவன் மனசு நோவக்கூடாதுன்னு, செய்யாத பாவத்த எடுத்துத் தன் தலையில போட்டுக்குது பாரு. வாணாம்மா. உனுக்கு இன்னும் வாழற வயசு கீது.”

“அது சொல்றதுதாங்க நெசம்” என்று பூங்காவனம் கத்தினாள். “முடிச்ச அவுத்தாத்தான் கோக்கவே முடியுமாம். எங்கிட்ட சொல்லிச்சு. அந்தப் பொண்ணக் காப்பாத்தத்தான் நான் பொய் சொன்னேன்.”

“மொதல்ல நான்தான்னு சொன்ன. இப்ப அதுதான்னு சொல்ற. எந்தக் கயிறுன்னு தெரிஞ்சப்பறம்தான் உனுக்கு இந்த நெசம் ஞாபகம் வந்திச்சா?” அவர் குரலில் கோபமே இல்லை. “வுடு பூங்கா. ரெண்டு பேரும் எனக்காகத்தான் பேசறீங்க. எனுக்குப் புரியாதா?”

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் சொல்லவேண்டும் என்பார்கள். இங்கே சொன்னது ஒரே ஒரு பொய். அது பின்னால் வந்த உண்மையையெல்லாம் பொய்யாக்கிவிட்டது. சுகன்யா சொல்லிச் சொல்லி அழுதாள். படம் போட்டுக் காட்டுகிறேன் என்றாள். கிளப்பில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போனை எடுத்து நீட்டினாள். அவர் அந்தப் போனை வாங்கி அவள் பைக்குள்ளேயே போட்டார். அவள் அழ அழ அவருக்கு அவள்மேல் வாஞ்சைதான் கூடியது. அடிவாங்க வந்தவளுக்கு ஆசீர்வாதம் கிடைத்தது. அதை வாங்கிக்கொள்ள முடியாமல் அந்தப் பெண் துவண்டுபோனாள்.

சாயங்காலம் அவரே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் அவளை ஏற்றிவிட்டு வந்தார். வழிக்கு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னார். சேத்துப்பட்டு வக்கீலுக்கு வீட்டுக்கு வெளியே நின்றே போன் போட்டு, கேசு வேண்டாம், ஆள் யாருன்னு தெரிஞ்சிபோச்சு என்றார். கூடத்தில் இருந்த பூங்காவனத்துக்கு அது கேட்டது.

விளக்கு வைத்ததும் அவருக்குச் சோறு போட்டாள். கிட்ட உட்கார்ந்து, இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னாள். கப்பி என்றாள், கோப்பது என்றாள், எட்டு மாதிரி முடிச்சு என்றாள். பார்த்திபன் குச்சியால் வரைந்தது போலவே தரையில் விரலால் வரைந்தும் காட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். குழந்தை கதை சொன்னால் கேட்பார்களே, அப்படித் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முன்பெல்லாம் உப்பு கொஞ்சம் கூடினால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிற மனுஷன். அந்தப் பொறுமையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“பூங்கா” என்றார். “உனுக்கு இருந்தது அவன் ஒருத்தன்தான். என்ன மன்னிச்சிரு.”

சொல்லவேண்டியதை எல்லாம் அவள் சொல்லிவிட்டாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

“சாப்புடுங்க” என்றாள்.